கன்னையா வளரக் கூடாது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிள்ளை பிறந்தால், மருத்துவச்சிக்கு அடுத்து ஆள் ஓடுவது பவுனம்மாள் வீட்டுக்குத்தான். பிள்ளையைக் குளிப்பாட்ட. அதென்ன பெரிய வேலை என்று கேட்கிறவர்கள் ஒரு பச்சைப் பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும். தலை நிற்காது, எண்ணெய் தடவிய உடம்பு கையில் நிற்காது, அழுகையோ ஊரைக் கூட்டும். பவுனம்மாள் சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, மணைப்பலகையில் உட்கார்ந்து, காலிரண்டையும் நீட்டி, அந்தக் கால்மேல் பிள்ளையைப் போட்டுக்கொண்டால் போதும். கொஞ்ச நேரத்தில் அழுகை முனகலாகிவிடும். மூக்கைப் பிடித்து எடுப்பாள், தலையை உருட்டி வாகாக்குவாள், கடைசியில் கையையும் காலையும் நீவி நீவி இழுத்துவிடுவாள். “வளரு சாமி, அப்பன் தோளுக்கு மேல வளரு” என்று அவள் சொல்லிக்கொண்டே இழுப்பதை அந்த வரிசை வீடுகளில் கேட்காத தாய் கிடையாது. அவள் கை பட்ட பிள்ளை நெடுநெடுவென்று வளரும் என்று ஒரு பேச்சு. பேச்சு உண்மையோ பொய்யோ, அவளைக் கூப்பிடாத வீடு இல்லை.

சொந்தப் பிள்ளைக்குச் செய்யாமல் இருப்பாளா? மூத்தவன் கன்னையாவுக்கு அவள் செய்த அமர்க்களத்தைப் பார்த்து அக்கம்பக்கமே சிரித்தது. தலை நின்றதற்கு ஒரு பாயசம். குப்புற விழுந்ததற்குக் கொழுக்கட்டை. தவழ்ந்து வாசல்படி தாண்டினான், அதற்கு முறுக்கு சுட்டு வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பினாள். முதல் பல் தெரிந்த அன்று அவள் புருஷன் பக்கிரிசாமி தண்டவாள வேலையிலிருந்து வந்த கையோடு, அந்தக் கையைக்கூடக் கழுவாமல் பிள்ளையின் வாயில் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஐந்து வருஷம் கழித்துப் பிறந்த சபாபதிக்கு இதில் பாதிதான் நடந்தது. இரண்டாவது பிள்ளைக்கு எந்த வீட்டிலும் அப்படித்தான். பார்க்க இரண்டும் ஒரே அச்சு. அதே நெற்றி, அதே காது, சிரித்தால் அதே கன்னக்குழி. “ஒரே புள்ளைய ரெண்டு அளவுல பெத்து வச்சிருக்கா” என்பார் பக்கிரிசாமி.

ஒரு விஷயத்தில் மட்டும் பவுனம்மாளிடம் யாரும் விளையாட முடியாது. படுத்திருக்கிற பிள்ளையை யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் வளர்த்தி நின்றுபோகும். தெரியாமல் தாண்டிவிட்டால் வந்த பக்கமே திரும்பத் தாண்ட வேண்டும், அப்போதுதான் சரியாகும். நம் சனத்தில் இதைச் சொல்லாத வீடு ஏது? ஆனால் பவுனம்மாள் சொல்வதோடு விடுகிற ஆள் இல்லை. ஒரு தடவை வேலைக்குக் கிளம்பிய அவசரத்தில் பக்கிரிசாமி பிள்ளையைத் தாண்டிவிட்டுப் போய்விட்டார். இவள் தெருமுனைவரை ஓடி, மனிதரைக் கையோடு இழுத்து வந்து, திரும்பத் தாண்ட வைத்த பிறகுதான் விட்டாள். அன்று வேலைக்குப் பிந்திப் போனதற்கு வேலை வாங்குகிற மண்டோர் நாலு பேருக்கு முன்னால் கிழித்துத் தோரணம் கட்டினான். வீட்டுக்கு வந்து அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளை விஷயம் ஆயிற்றே.

ஜப்பான்காரன் கோலாலம்பூருக்குள் வந்தபோது கன்னையாவுக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளில் அரிசி குறைந்தது. அப்புறம் அரிசி என்பது நோயாளிக்குக் கொடுக்கிற மருந்து மாதிரி ஆகிவிட்டது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரிக்கு அதன் இலை. சட்டை கிழிந்தால் சாக்குத் துணி. அந்தக் கிழங்கைத் தின்றுகொண்டும் கன்னையா வளர்ந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அம்மாவின் தோளுக்கு வந்துவிட்டான். கையும் காலும் உடம்பை முந்திக்கொண்டு நீண்டன. போன மாதம் போட்ட சட்டைக்கு வெளியே இந்த மாதம் மணிக்கட்டு எட்டிப் பார்த்தது. பவுனம்மாளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

நாற்பத்துமூன்றில் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். கேட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. லோரி வந்து நிற்கும், ஏற வேண்டும். தண்டவாள வேலை தெரிந்தவர்களை முதலில் ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். பக்கிரிசாமி இரண்டு சட்டையையும் ஒரு போர்வையையும் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகள் வெளியிலிருந்து வருவதற்குள் போய்விட்டார். மூன்று மாதம் போனது, இன்னொரு மூன்று மாதமும் போனது. ஆளும் இல்லை, சேதியும் இல்லை. போனவர்கள் அங்கே கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்று ஸ்டேஷன் பக்கம் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பவுனம்மாள் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள்.

அந்த வரிசை வீடுகளுக்குத் தலைவராக ஜப்பான்காரன் உட்கார்த்தி வைத்திருந்தது கார்த்திகேசு கிராணியை. யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர். கேட்டு வாங்கிய பதவி இல்லை. மாட்டேன் என்று சொல்ல நெஞ்சில் துணிவு வேண்டும், அது அந்த நாளில் யாருக்கு இருந்தது? ஒரு காலையில் அவர் வந்து பவுனம்மாள் வாசலில் நின்றார். கன்னையா குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய பாதங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உன்ர பெரியவன்ர காலைப் பாத்தியே, பவுனம்மா? தேப்பன்ர சப்பாத்து இப்பவே அவனுக்குச் சரியாய் இருக்கும். இனி ஒரு வருசத்தில விறுவிறெண்டு வளந்திடுவான்.”

வேறு நாளாக இருந்தால், கண் போட்டுவிட்டார் என்று அவர் தலை மறைந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டிருப்பாள். “வளந்தா நல்லதுதானுங்களே, கிராணி ஐயா?” என்றாள்.

“நல்லதில்லை. இங்க இனி ஏத்துறதுக்கு ஆம்பிளையள் இல்லை. அடுத்த முறைக்குப் பெடியளைத்தான் கேக்கிறாங்கள். வயசு எழுதின பிறந்த சூராவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் பாக்கமாட்டாங்கள். உடம்பைத்தான் பாப்பாங்கள். மீசை அரும்பியிருந்தால், தோள் அகண்டிருந்தால், ஏத்திப்போட்டுப் போயிடுவாங்கள்.”

“சின்னப் புள்ளையாட்டம் இருந்தா?”

“விட்டிடுவாங்கள். செந்தூலில அப்பிடித்தான் விட்டவங்கள்.” கிராணி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் வந்து சொன்னதை ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதை.”

மறுநாள் கருக்கலில் பவுனம்மாள் எழுந்தாள். கிழங்குக்கு வரிசையில் நிற்கப் போக வேண்டும். பிள்ளைகள் இருவரும் ஒரே பாயில் கிடந்தார்கள். கன்னையா சுவரோரம், சபாபதி இந்தப் பக்கம். அவள் பாயின் கால்மாட்டு வழியாக இருவருக்கும் நடுவில் கால் வைத்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூத்தவனைத் தாண்டினாள். தாண்டிவிட்டுச் சுவரோரம் நின்றாள். திரும்பத் தாண்டு, திரும்பத் தாண்டு என்று கால் பரபரத்தது. அவள் திரும்பத் தாண்டவில்லை. சுவரை ஒட்டியே நகர்ந்து, தலைமாட்டைச் சுற்றி வெளியே போனாள். நடந்துபோகும்போது தான் செய்தது இன்னதென்று தெரிந்து, தெருவிலேயே ஒரு தடவை உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து போய் வரிசையில் நின்றாள்.

ஒரு நாளோடு நிற்கவில்லை. தினம் தாண்டினாள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்தினாள். கொல்லையில் நட்டிருந்த மஞ்சளைத் தோண்டி, கல்லில் உரைத்து, பெண்பிள்ளைக்குப் பூசுவது மாதிரி அவன் மேலுதட்டில் பூசினாள், முடி முளைக்கக் கூடாதென்று. விறகையும் தண்ணீரையும் தலையில்தான் தூக்கிவர வேண்டும் என்றாள், சுமை அழுத்தினால் உயரம் ஏறாதாம். இதெல்லாம் பலித்திருக்குமோ இருக்காதோ, பலிக்கிற காரியம் ஒன்றையும் செய்தாள். அவன் தட்டில் கிழங்கைக் குறைத்தாள். குறைத்ததைச் சபாபதியின் தட்டில் வைத்தாள். சின்னவன் வளரலாம். அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது, அவன் பெரியவனாவதற்குள் சண்டை முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு.

கன்னையா முதலில் சண்டை பிடித்தான். பதினாலு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பசிக்கும் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற பையன்கள் மேலுதட்டைத் தடவித் தடவிக் கண்ணாடி பார்க்கிற வயதும் அதுதான்.

“ஏம்மா, நான் என்ன பொம்பளப் புள்ளையா? மூஞ்சியெல்லாம் மஞ்சளா இருக்குன்னு பசங்க சிரிக்கிறானுங்க.”

“சிரிக்கட்டும். மூடிக்கிட்டு உக்காரு.”

“அவனுக்கு மட்டும் ரெண்டு துண்டு. நான்தானே பெரியவன்?”

“பெரியவன்னு வெளிய சொல்லிட்டுத் திரியாதே. பல்லைப் பேத்துடுவேன்.”

ஏன் என்று அவள் சொல்லவில்லை. ஒரு கருக்கலில் தாண்டும்போது கீழே பார்த்தாள். கன்னையா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். அவள் கால் அவன் மார்புக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, அவளுக்கு வசதியாகக் கொஞ்சம் குறுகிப் படுத்தான். அதற்குப் பிறகு கிழங்கு கேட்பதையும் நிறுத்திவிட்டான். அவள் உரைக்குமுன் அவனே மஞ்சளை எடுத்துவந்து கொடுத்தான். பவுனம்மாளுக்குள் ஏதோ ஒன்று அன்றைக்கு மரத்துப்போனது. அப்புறம் அழுகை வர வேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்குக் கொட்டாவிதான் வந்தது.

நாற்பத்துநான்கில் லோரி வந்தது. வரிசை வீட்டுப் பையன்களையெல்லாம் சட்டையைக் கழற்றி வெயிலில் நிறுத்தினார்கள். கார்த்திகேசு கிராணி ஒரு ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஜப்பான் சிப்பாய் ஒருவன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். மோவாயைத் தூக்கிப் பார்ப்பது, தோளை அமுக்கிப் பார்ப்பது, கையைத் தூக்கச் சொல்லி அக்குளைப் பார்ப்பது. பாசாரில் ஆடு வாங்குகிறவன்கூடக் கொஞ்சம் தயங்குவான். கன்னையாவிடம் வந்தான். விலா எலும்பைப் பார்த்தான், மஞ்சள் ஏறிய வழவழப்பான உதட்டைப் பார்த்தான். தலையில் ஒரு தட்டுத் தட்டிச் சின்னப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டான்.

அடுத்து நின்றது பக்கத்து வீட்டு இராஜம்மாவின் மகன் தம்புசாமி. கன்னையாவைவிட ஒரு வயது இளையவன். ஆனால் ஆள் வாட்டசாட்டமாக இருந்தான். சிப்பாய் அவனை ஒரு தடவைதான் பார்த்தான். “சின்னப் புள்ள துரை, பதிமூணுதான் துரை” என்று இராஜம்மா கத்தினாள். தமிழில் கத்தினாள், மலாயில் கத்தினாள். லோரி போய்விட்டது.

சாயங்காலம் இராஜம்மா பவுனம்மாள் வாசலுக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்துப் பவுனம்மாள் எழுந்து நின்றாள். இராஜம்மா சண்டை போடவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, களைத்துப்போன குரலில் சொன்னாள்.

“உன் கை ராசியான கைதான் லா, பவுனம்மா. எம் புள்ள காலை நல்லா நீவிவிட்டே. நல்லா வளத்துக் குடுத்தே.”

பவுனம்மாளுக்குத் தன் பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பு ஒன்றுதான் இருந்தது. அதற்காக வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது, வெட்கம் வரவில்லை.

அதற்குப் பிறகும் பிள்ளை குளிப்பாட்டக் கூப்பிட்டார்கள். போனாள். எண்ணெய்க்குப் பதில் வெறும் வெந்நீர். ஐந்து மாதத்தில் குப்புற விழ வேண்டிய பிள்ளைகள் எட்டு மாதமாகியும் மல்லாந்தே கிடந்தன. ஒரு வயது தாண்டியும் பல் வரவில்லை. நடக்க வேண்டிய பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. “எப்பக்கா நடப்பான்?” என்று சின்னத் தாய்மார் கேட்டால், “நடப்பான், நடப்பான்” என்பாள். கையைக் காலைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். நீவி இழுப்பதில்லை. யாரும் ஏனென்று கேட்கவும் இல்லை.

சபாபதி மட்டும் வளர்ந்தான். அண்ணன் பங்கையும் தின்று, அண்ணனின் காதுவரை எட்டிப்பிடித்துவிட்டான். அவனை நிறுத்திப் பார்க்கும்போது மட்டும் பவுனம்மாள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். அந்தச் சபாபதிக்குத்தான் கால் வீங்கியது. முதலில் பாதம். விரலால் அமுக்கினால் குழி விழுந்தது, குழி ஏறவில்லை. கிழங்கை மட்டும் தின்கிறவர்களுக்கு வருகிற வீக்கம்தான், ஊரில் பாதிப் பேருக்கு இருந்தது. தவிடு கொடு என்றார்கள். கன்னையா பங்சார் தோட்டம் வரைக்கும் நடந்து, யார் யாரிடமோ கெஞ்சி, ஒரு சிரட்டைத் தவிடு கொண்டுவந்தான். தம்பிக்குத் தானே பிசைந்து ஊட்டினான். வீக்கம் முழங்காலுக்கு ஏறி, வயிற்றுக்கு ஏறி, நாற்பத்தைந்து மாசியில் ஒரு மத்தியானம், ஊட்டிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது.

தூக்கிக்கொண்டு போன பிறகு பவுனம்மாள் பாயருகில் உட்கார்ந்து ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தாள். அவசரமான நாட்களில் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துத் தாண்டியிருக்கிறாள். அப்போதெல்லாம் சின்னவனை மட்டும் திரும்பத் தாண்டிவிடுவாள். எல்லா நாளும் தாண்டினாளா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், மறந்திருப்பாளோ? மழை பெய்த அந்தக் காலையில்? தலைவலியோடு எழுந்த அந்தக் காலையில்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அரிசி இல்லாமல் செத்தான், அம்மா தாண்டியதால் சாகவில்லை என்று அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது? சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாள். கன்னையா வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சாயங்காலமானதும் அவள் எழுந்து கிழங்கை அவித்தாள். பழக்கத்தில் மூன்று பங்கு வைத்துவிட்டு, ஒரு பங்கை எடுத்து மறுபடி சட்டியில் போட்டாள்.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், அரிசியும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தெருவில் ஆட்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பவுனம்மாள் எல்லாவற்றையும் வேறு யார் வீட்டுக் கல்யாணமோ போலப் பார்த்தாள். மறுநாள் கருக்கலில் சுவரோரத்திலிருந்து இந்தப் பக்கமாகக் கன்னையாவைத் திரும்பத் தாண்டினாள். அதற்கு அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும். சோற்றை அள்ளி அள்ளி வைத்தாள். அவன் பாதி தின்றுவிட்டு, “போதும்மா” என்று தட்டைத் தள்ளினான். வயிறு அவ்வளவுக்குத்தான் பழகியிருந்தது. பதினாறு நடக்கிறது, இன்னமும் அவள் தோளுக்குத்தான் இருந்தான். மஞ்சள் பூசுவதை விட்டு மாதங்களாகியும் உதட்டில் ஒரு முடி இல்லை. இராஜம்மாவின் மகன் வரவில்லை. இவள் மகன் எங்கும் போகவில்லை. நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

வருஷக் கடைசியில், மத்தியான வெயிலில், பக்கிரிசாமி வந்தார். சயாமிலிருந்து மிச்சமானவர்களை ரயிலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கிற அந்தக் கொஞ்ச தூரத்துக்கு அவர் நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தார். காலில் ஆறாத புண், காய்ச்சலில் மஞ்சளாகிப்போன கண். வாசல்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். பவுனம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்துவிட்டார் என்பது அறிவுக்குத் தெரிந்தது, நெஞ்சுக்கு வந்து சேரவில்லை. கன்னையாதான் உள்ளே ஓடி, குவளையில் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவுக்கு முன்னால் நின்று நீட்டினான்.

பக்கிரிசாமி அவனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. குவளையை வாங்காமல் அவன் கன்னத்தை வாங்கிக்கொண்டார்.

“சபா! அடேயப்பா, எம்புட்டு வளந்துட்டேடா! நான் போறப்ப இத்துனூண்டு இருந்தே.” பிறகு மனைவியை நிமிர்ந்து பார்த்தார். “இந்தப் பஞ்சத்துலயும் புள்ளைய எப்படி வளத்திருக்கே, பவுனு!”

கன்னையா குவளையை நீட்டியபடியே நின்றான். அம்மாவைப் பார்க்கவில்லை.

“பெரியவன் எங்க? வேலைக்குப் போறானா?”

அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

“ஏத்திட்டானுங்களா? சொல்லு பவுனு, ஏத்திட்டானுங்களா? அங்க வந்த பொடியனுங்க மூஞ்சியெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்தனே. இவன் இல்ல, இவன் இல்லன்னு கும்புட்டுக்கிட்டே பாத்தனே...”

“ஏத்தல” என்றாள் பவுனம்மாள். அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். “இவன்தான் பெரியவன். சின்னவன் மாசியில போயிட்டான்.”

பக்கிரிசாமிக்கு அது புரிய வெகுநேரம் ஆனது. பையனின் தோளைத் தொட்டார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். குனிந்து அவன் பாதத்தைப் பார்த்தார், அது அவருடைய பாதத்தின் அளவு இருந்தது.

“கன்னையாவா?”

“ஆமாம்ப்பா.”

“உக்காந்துட்டிருக்கியேடா. எந்திரிச்சு நில்லு சாமி, அப்பா பாக்கட்டும்” என்றார், அவன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு.

கன்னையா நின்றுகொண்டுதான் இருந்தான்.